ஒப்புப் பார்ப்பவர் தூங்கிவிட்டால்

என் அப்பா தக்கலையில் ஆதாரம் எழுதுபவராக இருந்தார். மதுரை, திருச்சிப் பக்கம் பத்திரம் என்பார்கள். எங்கள் குமரி மாவட்டத்தில் வயதானவர்கள் இன்றும் ஆதாரம் என்றுதான் சொல்வார்கள். திருவிதாங்கூர் காலத்துச் சொல். 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, சொல் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் வராத காலம், எல்லாம் கையெழுத்து. ஒரு விளை கைமாறுகிறது என்றால் பழைய ஆதாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு எல்கை, சர்வே எண், எத்தனை மூடு தென்னை, எத்தனை அயனி என எல்லாவற்றையும் புதியதில் பெயர்த்து எழுதுவார். முடித்ததும் என்னைக் கூப்பிடுவார். "வா மக்களே, வாசி." நான் பழையதை உரக்க வாசிப்பேன், அவர் புதியதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். ஒப்புப் பார்ப்பது என்று இதற்குப் பெயர்.

ஒரு நாள் நான் "கிழக்கு எல்கை" என்று வாசித்ததும் அவர் விரல் நின்றது. புதிய தாளில் "கிழங்கு எல்கை" என்று இருந்தது. ஒரே ஓர் எழுத்து. மரச்சீனிக் கிழங்கை எல்கையாக வைத்து யாருக்கோ 30 சென்ட் போகவிருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா சிரிக்கவில்லை. "எழுதினவன் கண்ணுக்கு அவன் தப்பு தெரியாது மக்களே. அதுக்குத்தான் ரெண்டாவது ஆளு" என்றார்.

பல வருடம் கழித்து நாகர்கோவிலில் நுண்ணுயிரியல் படித்தபோது, டி.என்.ஏ.வில் பொருந்தாத இணையைத் திருத்தும் ஏற்பாட்டைப் பற்றி ஒரு பாடம் வந்தது. வகுப்பில் பாதிப் பேருக்குத் தூக்கம். எனக்கு அந்தக் கிழங்குதான் ஞாபகம் வந்தது. பாக்டீரியாவுக்குள்ளும் ஒரு ரெண்டாவது ஆள் இருக்கிறார், ஒப்புப் பார்க்கிறார். அதோடு அவருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: வேறு இனத்து மரபணு உள்ளே வந்து ஒட்டிக்கொள்ளாதபடி வாசலில் நிற்பது. இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்ப்பதால் வரும் விளைவுகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

46 லட்சம் எழுத்து, 40 நிமிடம்

டி.என்.ஏ. என்பது நாலே எழுத்தில் எழுதிய மிக நீளமான ஆதாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளின் பெயர் ஏ, டி, ஜி, சி. இரண்டு இழைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். ஓர் இழையில் ஏ இருந்தால் எதிரே டி. ஜி இருந்தால் எதிரே சி. சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டி மாதிரி இது. சிரட்டையைப் பார்த்தால் கருப்பட்டியின் வடிவம் தெரியும், கருப்பட்டியைப் பார்த்தால் சிரட்டையின் வடிவம் தெரியும். ஆகவே இரண்டு இழையையும் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றையும் அச்சாக வைத்து எதிர் இழையைக் கட்டிவிடலாம். ஓர் ஆதாரம் இரண்டாகிறது, ஒவ்வொன்றிலும் ஒரு பழைய இழையும் ஒரு புதிய இழையும் இருக்கும். இந்தப் பழசு, புதுசு விவகாரம் பின்னால் வரும்.

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். அதன் டி.என்.ஏ. ஒரு வளையம், சுமார் 46 லட்சம் இணைகள். ஒரு தாளுக்கு 2,000 எழுத்து என்று கணக்கிட்டால் 2,300 தாள். நகலெடுக்கும் நொதிகள் வளையத்தில் ஓரிடத்தில் தொடங்கி இரண்டு பக்கமாகப் பிரிந்து ஓடும். ஒவ்வொரு பக்கமும் நொடிக்கு ஏறத்தாழ 1,000 எழுத்து. அப்படியென்றால் முழு வளையமும் முடிய 40 நிமிடம் ஆகும். (நல்ல சாப்பாடு கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகிறதே, அது எப்படி என்று கேட்பீர்கள். முதல் நகல் முடிவதற்குள் அடுத்த நகலைத் தொடங்கிவிடும். கல்யாண சீசனில் அச்சாபீஸ் ஓடுவது மாதிரி.)

இந்த வேகத்தில் பிழை வராமல் இருக்குமா? வரும். சரியான எழுத்தைப் பொறுக்கி எடுப்பதில் மட்டும் லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் தவறும். அப்படியே விட்டால் ஒரு நகலில் 46 பிழை. ஆனால் நகலெடுக்கும் நொதிக்கே கொஞ்சம் சூதானம் உண்டு. தப்பான எழுத்தை வைத்ததும் அது பொருந்தாமல் இடறும்; நொதி ஓரடி பின்வாங்கி, அதை வெட்டிவிட்டு, மறுபடி வைக்கும். இதனால் பிழை நூறில் ஒன்றாகக் குறைந்து கோடிக்கு ஒன்று என்றாகிறது. இது எழுதுகிறவரே எழுதும்போதே தன் பிழையைக் கண்டு திருத்துவது. அதையும் தாண்டித் தப்பும் பிழைக்குத்தான் ரெண்டாவது ஆள். அவர் வந்து போன பிறகு பிழை இன்னும் 100 முதல் 1,000 மடங்கு குறையும். நூறு கோடி எழுத்துக்கு ஒன்று, சில சமயம் அதிலும் பத்தில் ஒன்று. 2,300 தாளை இருநூறு தடவை முழுசாக நகலெடுத்தாலும் ஒரு பிழை வருவது சந்தேகம். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

எது அசல்?

இங்கே ஒரு சிக்கல். கிழக்கு, கிழங்கு விஷயத்தில் எது தப்பு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஏனென்றால் நமக்கு அர்த்தம் தெரியும். ஒரு தாளில் 42 சென்ட் என்றும் இன்னொன்றில் 24 சென்ட் என்றும் இருந்தால்? இரண்டுக்கும் அர்த்தம் உண்டு. எது அசல் தாள் என்று தெரிந்தால்தான் எதைத் திருத்துவது என்று சொல்ல முடியும்.

பாக்டீரியாவின் நிலைமை எப்போதும் இந்த இரண்டாவது வகைதான். அதற்கு அர்த்தம் வாசிக்கத் தெரியாது. ஓரிடத்தில் ஜி எழுத்துக்கு எதிரே டி உட்கார்ந்திருக்கிறது என்றால், இணை தப்பு என்று மட்டும் தெரியும். ஜியை எடுத்துவிட்டு ஏ வைத்தாலும் இணை சரியாகிவிடும். டியை எடுத்துவிட்டு சி வைத்தாலும் சரியாகிவிடும். ஒன்று திருத்தம், மற்றது பிழையை நிரந்தரமாக்குவது. குத்துமதிப்பாகச் செய்தால் பாதிக்குப் பாதி கெடும்.

அப்பா இதற்கு என்ன செய்வார்? முத்திரையைப் பார்ப்பார். பதிவாபீசில் பதிந்த பழைய ஆதாரத்தில் சீல் இருக்கும். இப்போது எழுதிய தாளில் சீல் இருக்காது, அது ஆபீசுக்குப் போன பிறகுதான் விழும். ஈ.கோலையும் அச்சு அசலாக இதையே செய்கிறது. அதன் டி.என்.ஏ.வில் ஜிஏடிசி என்ற நாலு எழுத்துத் தொடர் ஏறத்தாழ 19,000 இடங்களில் வருகிறது. எதிர் இழையை அதன் திசையில் வாசித்தால் அங்கேயும் ஜிஏடிசி என்றே வரும், கிட்டத்தட்ட நம் விகடகவி மாதிரி. அந்தத் தொடரில் உள்ள ஏ எழுத்தின்மேல் டேம் என்ற நொதி மெத்தில் என்னும் சின்ன வேதிப்பொட்டு ஒன்றை வைத்துவிடும். அதுதான் சீல். பழைய இழையில் எல்லா இடத்திலும் சீல் இருக்கும். புதிதாக எழுதிய இழையில் சில நிமிடங்களுக்கு இருக்காது, ஏனென்றால் டேம் நொதி நகலெடுப்பவருக்குப் பின்னால் கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது. அந்தச் சில நிமிட இடைவெளிதான் ஒப்புப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் நேரம். இரண்டு இழையிலும் சீல் விழுந்துவிட்டால் அப்புறம் எது பழசு என்று யாராலும் சொல்ல முடியாது.

டேம் நொதியே இல்லாத ஈ.கோலையை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். அதில் பிழை கூடுகிறது. திருத்துகிறவர் இருக்கிறார், உழைக்கிறார், ஆனால் அசல் எது என்று தெரியாததால் சில நேரம் அசலையே அடித்துத் திருத்திவிடுகிறார்.

இனி வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். முதல் ஆளின் பெயர் மியூட்-எஸ். இது ஒரு புரதம், டி.என்.ஏ.வைக் கிடுக்கிபோலக் கவ்வி, அதை வளைத்துப் பார்க்கும். இணை பொருந்திய இடம் விறைப்பாக இருக்கும், பொருந்தாத இடம் எளிதாக வளைந்து கொடுக்கும். வேட்டியைக் கையால் தடவியே நூல் விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிற வடசேரி நெசவாளரை நினைத்துக்கொள்ளுங்கள். தப்பு இருக்கும் இடத்தில் டி.என்.ஏ. சுமார் 60 டிகிரி மடங்கி நிற்கும். மியூட்-எஸ் பிடித்ததும் மியூட்-எல் வந்து சேரும். இரண்டும் சேர்ந்து மியூட்-எச் என்ற மூன்றாவது ஆளை எழுப்பும். மியூட்-எச் அருகில் உள்ள ஜிஏடிசி தொடரைப் பார்த்து, சீல் இல்லாத இழையில் ஒரு வெட்டு வைக்கும். அந்த வெட்டிலிருந்து தப்பு இருக்கும் இடம் தாண்டும்வரை புதிய இழையைப் பிரித்து எடுத்து, அரித்துத் தின்று, மறுபடி எழுதி, ஒட்டிவிடுவார்கள்.

ஜிஏடிசி தொடர் பக்கத்திலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆயிரம் எழுத்து தள்ளியும் இருக்கலாம். ஒரே ஓர் எழுத்துப் பிழைக்காக ஆயிரம் எழுத்தைக் கிழித்துப் போட்டுத் திரும்ப எழுதுவது வீண்செலவு என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆதாரத்தில் அடித்தல் திருத்தல் வந்தால் அப்பா அந்தத் தாளையே கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுப்பார் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

இந்த ஏற்பாட்டை எல்லாப் புரதங்களையும் தனித்தனியாகச் சுத்தப்படுத்தி, சோதனைக் குழாய்க்குள்ளேயே 1989-ல் நடத்திக் காட்டியவர் அமெரிக்காவின் பால் மோட்ரிச். அவருக்கு 2015-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வேறு வகை டி.என்.ஏ. திருத்தங்களைக் கண்டறிந்த தாமஸ் லிண்டால், அஸீஸ் சன்ஜார் இருவரோடு சேர்த்துக் கொடுத்தார்கள். சீல் பார்த்துத் திருத்துகிறது என்ற யோசனை அதற்கு முன்பே, 1970-களில், மேத்யூ மெசல்சன், மிரோஸ்லாவ் ராட்மன் போன்றவர்களிடமிருந்து வந்தது. ராட்மன் பெயரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவார்.

மனிதரிலும் மியூட்-எஸ், மியூட்-எல் இரண்டுக்கும் உறவுக்காரப் புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதானால் லிஞ்ச் சின்ட்ரோம் என்ற பரம்பரைக் குறைபாடு. பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் கூடும். மெத்தில் சீல் பார்க்கும் பழக்கம் மனிதரிடம் இல்லை, ஈ.கோலையின் சொந்தக்காரர்களைத் தவிர்த்துப் பெரும்பாலான பாக்டீரியாக்களிடமும் இல்லை. அங்கே எது புது இழை என்று கண்டுபிடிக்க வேறு குறிப்புகள். அது தனிக் கதை.

அக்கம்பக்கத்திலிருந்து வரும் தாள்கள்

மனிதருக்கு மரபணு பெற்றோரிடமிருந்து மட்டும்தான் வரும். பாக்டீரியாவுக்கு அப்படியில்லை. பக்கத்தில் நிற்பவரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளும், செத்தவர் விட்டுப்போனதையும் எடுத்துக்கொள்ளும். ஏரி, குளத்துத் தண்ணீரில் ஒரு மில்லி லிட்டரில் பொதுவாகப் பத்து லட்சம் பாக்டீரியா இருக்கும். எங்கள் ஊர்க் குளத்தில் ஒரு முங்கு போட்டால் எத்தனை கோடிப் பேருடைய கொடுக்கல் வாங்கலுக்கு நடுவில் நிற்கிறோம் என்று பாருங்கள்.

வாங்கும் வழி மூன்று. செத்துச் சிதறிய பாக்டீரியாவின் டி.என்.ஏ. துண்டை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்வது ஒன்று. 1928-ல் ஃபிரெட்ரிக் கிரிஃபித் நிமோனியாக் கிருமியில் இதைக் கண்டார்: கொல்லப்பட்ட கொடிய கிருமியையும் உயிருள்ள சாதுவான கிருமியையும் சேர்த்து எலிக்குள் செலுத்தியபோது, சாதுவானது கொடியதாக மாறியது. இரண்டு பாக்டீரியாக்கள் குழாய்போட்டு இணைந்து டி.என்.ஏ.வைக் கடத்துவது இன்னொன்று. 1946-ல் லெடர்பெர்க்கும் டேட்டமும் கண்டது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் கைதவறி ஒருவர் மரபணுவை எடுத்துப்போய் இன்னொருவரிடம் போடுவது மூன்றாவது.

டி.என்.ஏ. துண்டு உள்ளே வந்துவிட்டால் மட்டும் போதாது. அது வாழ வேண்டுமானால், பெரும்பாலும், வீட்டுக்காரரின் வளையத்தில் தன்னைப் போலவே இருக்கும் பகுதியைத் தேடி அங்கே உள்ளதை நகர்த்திவிட்டுத் தான் உட்கார வேண்டும். இந்தத் தேடலைச் செய்வது ரெக்-ஏ என்ற புரதம். வந்த இழையைக் கையில் பிடித்துக்கொண்டு, வளையத்தில் அதற்கு ஒத்த இடத்தைக் கண்டுபிடித்து இணை சேர்த்து வைக்கும். இப்போது வீட்டுக்காரரின் இழை ஒரு பக்கம், விருந்தாளியின் இழை எதிர்ப்பக்கம். விருந்தாளி அதே இனம் என்றால் நூறு எழுத்துக்கு ஓரிரண்டு பொருந்தாமல் போகும். பெரிதாக ஒன்றும் நடக்காது. வேறு இனமாக இருந்தால்தான் விவகாரம்.

இதை விளங்கவைக்க அப்பாவின் அலமாரியை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அதில் கொல்லம் ஆண்டு போட்ட பழைய ஆதாரங்கள் உண்டு. சில தமிழில், சில மலையாளத்தில். ஒரே மாதிரி விளை, ஒரே மாதிரி தென்னை, நாலு எல்கையும் ஒரே வரிசை. கிழக்கு இரண்டிலும் கிழக்குதான். வடக்கும் அப்படியே. தெற்கு அங்கே தெக்கு. மேற்குக்கு வரும்போது படிஞ்ஞாறு என்று முழுசாகவே மாறிவிடும். ஒரே வேரிலிருந்து பிரிந்த இரண்டு மொழி. பாதிக்கு மேல் புரியும், ஆனால் வரிக்கு வரி இடறும்.

ஈ.கோலையும் சால்மோனெல்லாவும் அப்படிப்பட்ட உறவு. டைபாய்டு தரும் கிருமி இந்தச் சால்மோனெல்லாக் குடும்பம்தான். இரண்டும் பிரிந்து ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மரபணுக்களின் வரிசை பெரும்பாலும் ஒன்றே, எழுத்துகள் மட்டும் நூற்றுக்குப் பதினைந்து, இருபது இடங்களில் மாறியிருக்கும். மலையாள ஆதாரத்தின் ஒரு தாளை யாரோ தமிழ் ஆதாரத்துக்குள் நுழைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நான் வாசிக்கிறேன், அப்பா விரல் ஓட்டுகிறார். முதல் வரியில் ஒரு தப்பு, அடுத்த வரியில் நாலு, அதற்கடுத்ததில் ஆறு. அப்பா ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டிருக்க மாட்டார். "இது நம்ம தாளே இல்லை" என்று உருவி எடுத்துத் தூர வைத்துவிடுவார்.

மியூட்-எஸ் செய்வதும் இதுவே. வீட்டு இழையும் வெளி இழையும் இணைந்த இடத்தில் அடுத்தடுத்துப் பொருந்தாத இணை தட்டுப்பட்டால், மியூட்-எஸ், மியூட்-எல் இரண்டும் அங்கே ஒட்டிக்கொண்டு ரெக்-ஏ மேற்கொண்டு நகரவிடாமல் மறிக்கும். இணைந்த இழைகள் பிரிக்கப்பட்டு, விருந்தாளி வெளியே போய்விடுவார். பிழை திருத்த ஏற்பட்ட அதே கை, அதே தடவிப் பார்க்கும் பழக்கம், இங்கே இனங்களுக்கு நடுவே வேலியாகிவிடுகிறது.

1989-ல் ராட்மனும் அவரோடு வேலை செய்த ரேசிகியே, தேலர் ஆகியோரும் இதை நிரூபித்தார்கள். ஈ.கோலையையும் சால்மோனெல்லாவையும் இணைய விட்டார்கள். சாதாரணமாக ஒன்றின் மரபணு மற்றதில் போய் ஒட்டுவது மிக மிக அரிது. மியூட்-எஸ் அல்லது மியூட்-எல் பழுதான பாக்டீரியாவை வைத்துச் செய்தபோது அது ஆயிரம் மடங்குவரை கூடியது. வேலியைத் தாங்கி நின்றதில் பெரும் பங்கு ஒப்புப் பார்ப்பவருடையது என்று அன்றுதான் தெரிந்தது. முழுப் பங்கும் என்று சொல்லிவிட முடியாது. ரெக்-ஏ பிடித்துக்கொள்வதற்கே இருபத்தைந்து, முப்பது எழுத்தாவது தொடர்ந்து ஒத்துப்போக வேண்டும். ஐந்தாறு எழுத்துக்கு ஒரு தரம் மாறிக்கொண்டிருந்தால் காவல் இல்லாவிட்டாலும் பிடி வழுக்கும். அதனால் காவல் எடுத்த பிறகும் வேற்றினச் சேர்க்கை அதே இனச் சேர்க்கையின் அளவுக்கு வருவதில்லை.

நிமோனியாக் கிருமியில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே ஒப்புப் பார்ப்பவரின் பெயர் ஹெக்ஸ். வெளி டி.என்.ஏ. அளவுக்கு மீறி உள்ளே வந்தால் ஹெக்ஸ் புரதங்கள் எல்லாம் பொருந்தாத இணைகளில் போய் ஒட்டித் தீர்ந்துவிடும். மிச்சம் வருவது தடையில்லாமல் நுழையும். முகூர்த்த நாளன்று பதிவாபீசில் ஒரே நாளில் முந்நூறு ஆதாரம் வந்தால் எப்படி ஒப்புப் பார்ப்பார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள், சொல்வார்.

குண்டூசியில் குத்திய சீட்டு

இதுவரை வாசித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வேலி இவ்வளவு பலமானது என்றால், மருந்துக்கு அடங்காத மரபணு மட்டும் எப்படி ஒரு கிருமியிலிருந்து வேறொரு கிருமிக்குத் தாவுகிறது?

விடை எளிது. ஒப்புப் பார்க்கப் பக்கத்தில் இன்னொரு தாள் இருக்க வேண்டும். பிளாஸ்மிட் என்று ஒன்று உண்டு: பெரிய வளையத்தைச் சேராமல் தனியாக நிற்கும் சின்ன டி.என்.ஏ. வளையம். அது யாரோடும் இணை சேர வேண்டியதில்லை, தானே தன்னை நகலெடுத்துக்கொள்ளும். ஆதாரத்தோடு குண்டூசியால் குத்திவைத்த தனிச் சீட்டு அது. ஆதாரத்தின் எந்த வரியோடும் அதை ஒப்பிட முடியாது, எனவே ஒப்புப் பார்ப்பவருக்கு அதில் வேலையே இல்லை. காவலாளி முழித்துக்கொண்டு இருக்கும்போதே அவர் கண்ணெதிரில் போகும்.

என்டிஎம்-1 என்ற மரபணு பலர் செய்தித்தாளில் வாசித்திருப்பது. கார்பபெனெம் வகை மருந்துகளை உடைக்கும் நொதியை அது தருகிறது. மற்ற மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் மருந்துகள் அவை. இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் 2008-ல் அது முதலில் தெரியவந்தது. 2010-ல் வெளியான ஆய்வில் சென்னை, ஹரியானா மாதிரிகளிலும் இருந்தது. பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் ஏறி வருவதால் ஈ.கோலை, கிளெப்சியெல்லா என்று இனம் பாராமல் போகிறது. பெயரில் புதுதில்லி இருப்பதால் அப்போது எழுந்த சண்டையை விட்டுவிடுவோம்.

ஆகவே, பிழை திருத்தும் ஏற்பாடு பலமாக இருந்தால் மருந்தை எதிர்க்கும் மரபணு பரவாது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். வளையத்துக்குள்ளே, ஒத்த இடத்தில் ஒட்டவேண்டிய துண்டைத்தான் அது மறிக்கும். நிமோனியாக் கிருமி பெனிசிலினைச் சமாளித்தது அந்த வழியில்: பெனிசிலின் போய்த் தாக்கும் புரதத்தின் மரபணுவில், பக்கத்து இனங்களின் துண்டுகள் ஒட்டுப்போட்ட துணிபோல இடையிடையே இருக்கின்றன.

தூங்கும் காவலாளி

மியூட்-எஸ் மரபணுவும் டி.என்.ஏ.வில் எழுதியதுதானே. அதிலேயே ஒரு பிழை விழுந்தால்? அந்தப் பாக்டீரியாவின் பிழை வேகம் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று ஏறிவிடும். நல்ல சாப்பாடும் அமைதியும் உள்ள இடத்தில் இது நட்டம். பெரும்பாலான பிழைகள் கெடுதல்தான்; பிள்ளைகள் நொண்டியாகி, பிழையில்லாதவர்களிடம் தோற்றுப்போவார்கள்.

ஆனால் ஆன்டிபயாடிக் பாயும் உடம்புக்குள் நிலைமை வேறு. அங்கே உயிர் பிழைக்க ஒரு குறிப்பிட்ட எழுத்து மாற்றம் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். லாட்டரிச் சீட்டு ஒன்று வைத்திருப்பவரைவிட ஆயிரம் வைத்திருப்பவருக்குப் பரிசு விழ வாய்ப்பு அதிகம். 1996-ல் ஈ.கோலை, சால்மோனெல்லா நோய்க்கிருமிகளைச் சோதித்தபோது நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல் இப்படிப் பிழை மிகுந்தவையாக இருந்தன. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நுரையீரல் நோய் உள்ளவர்களின் சளியில் வருடக்கணக்கில் குடியிருக்கும் சூடோமோனாஸ் கிருமியை ஸ்பெயினில் ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார்கள். 36 சதவீத நோயாளிகளிடம் பிழை மிகுந்த வகை இருந்தது, அவற்றில் பெரும்பாலானவற்றில் பழுது மியூட்-எஸ் மரபணுவில். வருடக்கணக்கில் மருந்து, வருடக்கணக்கில் போராட்டம். தூங்கும் காவலாளிதான் அங்கே பிழைப்புக்கு வழி.

நான் இப்போது வேலை பார்ப்பது ஒரு பரிசோதனைக் கூடத்தில். கிருமி வளர்ந்த தட்டில் மருந்து ஊறிய வட்டத் தாள்களை வைப்போம். மருந்து கேட்டால் தாளைச் சுற்றிக் கிருமி இல்லாத வெள்ளை வட்டம் விழும். சில நாள் அந்த வெள்ளை வட்டத்துக்குள்ளே ஊசிமுனை அளவில் நாலைந்து புள்ளிகள் முளைத்திருக்கும். அதற்குக் காரணம் பல. பிழை மிகுந்த கிருமி அவற்றில் ஒன்று. எது என்று சாதாரண டெஸ்டில் சொல்ல முடியாது. என்றாலும் அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம், உள்ளே யாரோ தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

காசநோய்க் கிருமியை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. அதற்கு மியூட்-எஸ்ஸும் இல்லை, மியூட்-எல்லும் இல்லை. அப்படியிருந்தும் நகல் ஓரளவு சுத்தமாகவே இருப்பது வெகுநாள் புதிராக இருந்தது. அதே குடும்பத்துப் பாக்டீரியாக்களில் நியூக்-எஸ் என்ற முற்றிலும் வேறான ஒரு புரதம் இந்த வேலையைச் செய்கிறது என்று 2017-ல் கண்டுபிடித்தார்கள். காசநோய்க் கிருமி வெளியிலிருந்து மரபணு வாங்கி மருந்தை வெல்வதில்லை. அதன் மருந்து எதிர்ப்பு எல்லாம் சொந்த எழுத்துப் பிழையில் பிறந்தது. ஒரே கிருமியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சரியான பிழைகள் விழுவது மிக அரிது. முதல் இரண்டு மாதம் நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதன் கணக்கு இதுவே. "ஒரு மாத்திரை போதாதா?" என்று கேட்ட என் பெரியம்மாவுக்கு இதைக் கிழங்குக் கதையிலிருந்து தொடங்கித்தான் சொல்ல வேண்டியிருந்தது. முழுசாகக் கேட்டாள். "சரி பிள்ளே, நாலையும் எடு" என்றாள்.

இனி கடைசி ஒன்று. பிழை மிகுந்த பாக்டீரியா மருந்தை வென்றுவிட்டது, மருந்தும் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி அந்தப் பிழை வேகம் பாரம். மியூட்-எஸ் மரபணுவின் ஒரு பெரிய துண்டே போயிருந்தால் அது தானாகத் திரும்பி வராது. ஆனால் காவலாளி தூங்குவதால் வாசல் திறந்துதானே கிடக்கிறது? பக்கத்து வீட்டுக்காரரின் டி.என்.ஏ. வழக்கத்தைவிட எளிதாக உள்ளே வந்து ஒட்டும். அப்படி வரும் துண்டுகளில் ஒன்று, என்றைக்காவது, நல்ல மியூட்-எஸ் மரபணுவாகவும் இருக்கலாம்.

இது வெறும் ஊகம் இல்லை. 2000-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பல ஈ.கோலை வகைகளின் பிழை திருத்தும் மரபணுக்களை எழுத்தெழுத்தாக ஒப்புப் பார்த்தார்கள். மற்ற மரபணுக்களைவிட இவை அதிகமாகத் துண்டு துண்டாக, வெவ்வேறு வம்சத்திலிருந்து வந்து ஒட்டியவையாகத் தெரிந்தன. இவை பல தடவை தொலைந்திருக்கின்றன, பல தடவை வெளியிலிருந்து திரும்ப வாங்கப்பட்டிருக்கின்றன. அப்படித் திரும்பி வந்த மியூட்-எஸ் பழைய இடத்தில் உட்கார்ந்ததும் வேலையைத் தொடங்கிவிடும். தான் நுழைந்த அந்த வாசலும் அதோடு அடைபடும்.